மூன்றாம் பூச்சு

பதினொன்றே கால் ஆகியும் வழக்கைக் கூப்பிடவில்லை. கோவில்பட்டி கோர்ட்டு மாடி வராந்தாவில் சுவரோரம் கிடந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஆவுடையப்பன் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை வாசலில் தாவீது நின்றான். தனியாக நின்றிருந்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் தனுஷ்கோடி நின்றார். இரண்டு வருஷமாக எந்த மனுஷர் மேல் வழக்கு நடக்கிறதோ அதே மனுஷர், தன் கையாலேயே டீ கிளாஸை வாங்கித் தாவீதிடம் நீட்டுகிறார். அவன் வாங்கிக்கொள்கிறான். வேண்டாம் என்று தலையை ஆட்டவில்லை, தயங்கவில்லை, தினமும் அவர் கையால் வாங்கிக் குடிக்கிறவன் மாதிரி வாங்கிக்கொள்கிறான். தனுஷ்கோடி அவன் தோளில் கையை வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று பார்ப்பதற்குள் பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது. அது நகர்ந்தபோது கை தோளில் இல்லை. அதற்குள் என்ன கைமாறியதோ. ஒரு கவர் ஒரு சட்டைக்குள் போக எத்தனை விநாடி வேண்டும். லாரிகூடத் தற்செயலாக வந்து நின்றதுதானா? தனுஷ்கோடிக்குப் பருத்தி வியாபாரம், இந்த ஊரில் ஓடுகிற பருத்தி லாரியில் பாதி அவருக்கு வேண்டியவர்களுடையது. சேச்சே, ஒரு டீக்காக ஒரு லாரியை யாராவது வரச்சொல்வார்களா, இதெல்லாம் தூக்கம் கெட்ட மூளை பண்ணுகிற வேலை என்று தன்னையே அதட்டிக்கொண்டார். ஆனால் கண் தாவீதின் சட்டையை விட்டு வரவில்லை. தாவீது யார்? இந்த வழக்கில் வாதி ஆவுடையப்பன். தாவீது வாதி தரப்புச் சாட்சி. ஆவுடையப்பனிடம் பதினான்கு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன். ஊர் ஊராகப் போய்க் கான்கிரீட் கூரைகளுக்குத் தண்ணீர் இறங்காமல் ரசாயனப் பூச்சு போடுகிற தொழிலில் ஆவுடையப்பனுக்கு வலதுகையாக இருந்தவன். அப்படி இருந்தவனைத்தான் அவர் தனுஷ்கோடியின் பருத்திப் பொதி அடுக்கும் கிட்டங்கி வாசலில் வைத்து, பத்து ஆட்களுக்கு முன்னால், கள்ளப்பயலே என்று சொல்லி விரட்டினார். அப்படி விரட்டப்பட்டவன் நமக்காகச் சாட்சி சொல்ல எதற்கு வருவான். வேறு எதற்கோ வந்திருக்கிறான்.

அவனைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். வக்கீல் கோமதிதான் கேட்கவில்லை. "அளவுப் புத்தகத்துல எல்லாப் பக்கத்துலயும் தி. தாவீதுன்னு கையெழுத்து இருக்கே சார், இவரு யாரு, இவர எதுக்கு மறைக்கீங்க" என்று கேட்டாள். மறைக்கீங்க என்றாள். தன் வக்கீலே தன்னைப் பார்த்துக் கேட்கிற வார்த்தையா அது. "அவன் இப்ப என்கிட்ட இல்ல, எங்க இருக்கான்னும் தெரியாது" என்று இவர் சொல்லிப் பார்த்தார். ஒரே வாரத்தில் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கோர்ட்டு மூலமாகவே சம்மன் அனுப்பிவிட்டாள். யார் கொடுத்தார்கள் விலாசத்தை? தனுஷ்கோடியின் வக்கீலிடம்தான் கோமதி முதலில் ஜூனியராக இருந்தாள் என்று போன வாய்தாவின்போது கேன்டீனில் யாரோ சொன்னார்கள். யாரோ பொழுதுபோகாமல் சொன்னது. இருந்தாலும், இப்போதும் அவள் வராந்தாவின் அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டு சிரிக்கிறாளே, யாரோடு? வழக்கு நடக்கிற அன்று வக்கீலுக்கு என்ன சிரிப்பு? காலையில் மனைவி உலகம்மாள்கூட ஒரு மாதிரியாகத்தான் கேட்டாள். இட்லியை வைத்துவிட்டு, எதையோ துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னிக்குத் தாவீது வாரானாமே" என்றாள். இவர் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவளுக்கு யார் சொன்னது? "ஒனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டதற்கு, "அவன் பொண்டாட்டி மார்க்கெட்ல பாத்தா, சொன்னா" என்றாள். பேச்சு வார்த்தை உண்டா அப்போ. இரண்டு வருஷமாகவே உண்டா. தன் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தான் ஒருத்தன்தான் யாரோடும் பேசாமல் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். வராந்தாவில் பினாயில் வாடை அடித்தது. அந்த வாடைதான் அவருக்கு ஆகாது. எப்போது அது மூக்கில் ஏறினாலும் மனசு நேராகப் பாளையங்கோட்டைக்கு, அந்த ஆஸ்பத்திரி நடைக்குப் போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், உலகம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். ஐப்பசி பிறக்க இன்னும் நாலு நாள். இங்கே கிட்டங்கிக் கூரையில் இரண்டு பூச்சு முடிந்திருந்தது. மூன்று பூச்சு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அங்கே தென்காசியில் வேறொரு வேலை பாதியில் நிற்கிறது, சரக்கு இல்லை, கடைக்காரன் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டு வா என்கிறான். ஆபரேஷன் அறைக்கு வெளியே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போன் போட்டார். என்ன சொன்னோம்? வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் சனியன். "தாவீது, ரெண்டோட நிப்பாட்டிரு. வெள்ளைக்கு மேல வெள்ளை, எவன் மேல ஏறி எண்ணப் போறான். மிச்சம் இருக்க நாலு டிரம்மையும் தென்காசிக்கு ஏத்திவிட்ரு." அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது, கூரை மேல் நின்று பேசுகிறவனுக்கு அடிக்கிற காற்று. பிறகு, "மழை வரப்போகுதே அண்ணாச்சி" என்றான். "சொன்னதச் செய்" என்று வைத்துவிட்டார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. மொத்தமே ஒரு நிமிஷம் இருக்குமா. அந்த ஒரு நிமிஷம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தன் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தன் தனுஷ்கோடி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறான். ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தால் நாலு டிரம்மும் தென்காசிக்குப் போகவில்லை, கிட்டங்கியிலும் இல்லை. "எங்கல டிரம்மு?" "மேல போட்டாச்சு அண்ணாச்சி." "எங்க மேல?" "கூரைலதான். மூணாவது கோட்டு போட்டாச்சு." நின்றவாக்கில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னான். முதலாளி வேண்டாம் என்று சொன்ன வேலையைப் போய் ஒருத்தன் செய்வானா? செய்தால் அவனுக்கு என்ன லாபம்? விற்றால் லாபம் உண்டு. நாலு டிரம், பாதி விலைக்கு விற்றாலும் லாபம். அவர் தலையில் கணக்கு சட்டென்று அந்தப் பக்கம்தான் போய் உட்கார்ந்தது, அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஐந்து வாரக் கூலியை நிறுத்தினார், அவனுக்கும், அவன் கூட்டிவந்த ஆட்களுக்கும்.

அவர் பார்க்காமல் இல்லை. அன்றைக்கே ஏணியில் ஏறிப் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அந்தக் கூரை கண்ணைக் குத்துகிற வெள்ளையாகக் கிடந்தது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இரண்டா, மூன்றா? முப்பது வருஷமாக இதே தொழில், அவருக்கே தெரியவில்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை. அவர் சொன்ன வார்த்தைதான். கார்த்திகையில் மழை வெளுத்துவாங்கியது, கிட்டங்கிக்குள் தண்ணீர் இறங்கியது, பருத்திப் பொதிகள் நனைந்தன. தனுஷ்கோடி வேலைக்கான பணத்தை நிறுத்தினார், இவர் வழக்குப் போட்டார். தனுஷ்கோடி, மூன்று பூச்சு என்று சொல்லி இரண்டைப் போட்டு ஏமாற்றிவிட்டாய், செய்த வேலைக்குப் பணம் கிடையாது, நனைந்த பொதிக்கு நீதான் எனக்குத் தரவேண்டும் என்று எதிர்வழக்குப் போட்டார். தோற்றால் வீடு போகும். வீட்டை வைத்துத்தான் சரக்கே வாங்கியது. இதெல்லாம்கூட ஒரு பக்கம். போன வைகாசியில் அந்தக் கூண்டில் ஏறி நின்று, சத்தியமாக என்று சொல்லி, மூன்று பூச்சும் போடப்பட்டது என்று அவரே சாட்சி சொன்னார். குரல் நடுங்கவில்லை. பொய் என்று தெரிந்தே சொன்னார். அவர் நடுங்காமல் பொய் சொன்னதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்துதான் மற்றவர்கள் பேசும்போதும், குரல் நடுங்காமல் இருந்தால், இவனும் என்னை மாதிரிதானோ என்று நினைக்கிற பழக்கம் வந்தது. இப்போது தாவீது ஏறி நிற்பான். ஒரே ஒரு கேள்வி போதும். ரெண்டோட நிப்பாட்டச் சொன்னாரா இல்லையா? சொன்னாரு. முடிந்தது. பெஞ்சுக்குக் கீழே செருப்பைக் காலால் தேடினார், எழுந்து போய்விடலாமா, உடம்புக்கு முடியவில்லை என்று வாய்தா வாங்கச் சொல்லலாமா என்று கோமதி நின்ற பக்கம் திரும்பினார். அவள் அங்கே இல்லை. அதே நேரம் டவாலி வெளியே வந்து, "வாதி ஆவுடையப்பன், பிரதிவாதி தனுஷ்கோடி, சாட்சி தாவீது" என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். மூன்று பேரும் ஒரே கட்சி மாதிரி.

தாவீது அவரைத் தாண்டித்தான் உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தலை நரைத்திருந்தது, இரண்டு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா. விரல் நகங்களில் எந்தப் பெயின்ட்டோ பச்சையாக ஒட்டியிருந்தது. இப்போது யாரிடம் வேலை பார்க்கிறான்? தனுஷ்கோடியிடமா? ஃபேன் காற்றில் காகிதக்கட்டுகள் படபடத்தன. சத்தியம் வாங்கினார்கள். கோமதி எழுந்து கேட்டாள், எத்தனை பூச்சு போட்டீர்கள் என்று. "மூணு" என்றான் தாவீது. நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, நான் மூன்று பூச்சுகள் போட்டேன் என்று எழுதச் சொன்னார். ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. இவன் ஏன் எனக்காகப் பொய் சொல்கிறான்? இதற்கு என்ன கேட்கப்போகிறான்? இல்லை, முதலில் இப்படிச் சொல்லிவிட்டுக் குறுக்கு விசாரணையில் கவிழ்ப்பானோ, அதுதான் டீக்கடையில் பேசிவைத்ததோ. தனுஷ்கோடியின் வக்கீல் வயசானவர், அவசரப்படாமல் எழுந்தார். அவர் எழுந்த விதத்திலேயே கையில் ஏதோ இருப்பது தெரிந்தது.

"வாதி உங்கள வேலையவிட்டு நிறுத்திட்டார். சரியா?"

"ஆமா."

"டிரம் திருடினதா சொல்லி நிறுத்தினார்."

"அப்படித்தான் சொன்னாரு."

"அந்த டிரம்தான் மூணாவது பூச்சுக்கு வச்சிருந்த சரக்கு. அது திருட்டுப்போச்சுன்னா மூணாவது பூச்சு எப்படிப் போட்டிருக்க முடியும்?"

ஆவுடையப்பன் திரும்பித் தனுஷ்கோடியைப் பார்த்தார். இதை யார் சொன்னார்கள் அவர்களுக்கு? வேறு யார், அவர் போட்ட கூச்சலை அன்றைக்குக் கிட்டங்கி வாசலே கேட்டதே. அவர் வாயே அவருக்கு எதிர்ச்சாட்சி.

"திருட்டுப்போகல சார். கூரைல போட்டோம்" என்றான் தாவீது.

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"சுரண்டிப் பாக்கலாம்."

நீதிபதி நிமிர்ந்தார். "என்னது?"

"நடுக்கோட்டுல நீல ஸ்டெய்னர் கலந்து போட்டிருக்கேன் ஐயா. லேசா, ஆகாச நெறத்துல. வெள்ளைக்கு மேல வெள்ளை போட்டா விட்டுப்போன எடம் தெரியாது, அதனால எப்பவும் நடுவுல நெறம் மாத்திக்கிடுவேன். முதல் கோட்டு வெள்ளை, ரெண்டாவது நீலம், மூணாவது வெள்ளை. ஒரு ஆணிய வச்சிச் சுரண்டினா தெரிஞ்சிரும். மூணாவது போடலைன்னா கூரையே நீலமால்லா இருந்திருக்கும்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் எப்படி இறங்கியது என்று கேட்டார். மழைக்கு முந்தின வாரம் என் சாமான்களை எடுக்கப் போனேன், சோலார் தகடு மாட்டுகிறவர்கள் கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள், எத்தனை என்று எண்ணவில்லை, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அண்ணாச்சி ஆள் நீ, உன் வேலையைப் பார் என்றார்கள் என்று தாவீது சொன்னான். கடைசியாக வக்கீல், "உங்களத் திருடன்னு சொன்னவருக்காக எதுக்கு வந்து சாட்சி சொல்றீங்க? எவ்வளவு தாரேன்னு சொல்லியிருக்காரு?" என்றார்.

"அவருக்காக வரல சார். நாங்க பதினோரு பேரு அந்த வெயில்ல கெடந்து செஞ்ச வேலை. செய்யவே இல்லன்னு சொல்லுதாங்க. அதான் வந்தேன்."

மூன்றாவது பூச்சு போடப்படவில்லை என்று சொன்னால் சரியல்ல என்று நீதிபதி எழுதச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு ஆணையர் இன்ஜினியரோடு போய்க் கூரையைச் சுரண்டிப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். கோமதி திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தாள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கூரையில் உட்கார்ந்திருந்தார். குனிந்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டு. பைக்குள் வண்டிச் சாவி இருந்தது. ஒரு கீறல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் போடவில்லை? நீலம் கலக்கிற பழக்கம் அவருக்குத் தெரியாததா, தாவீதுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே, எத்தனையோ கூரையில் கூட நின்று பார்த்திருக்கிறார். பார்க்க வேண்டும் என்று நினைத்தால்தானே பார்ப்பதற்கு. இரண்டு வருஷமாகப் பொய் என்று நினைத்து உண்மையைச் சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறோமா என்று நினைத்தார். உடனே அந்த நினைப்பை அடுத்த சந்தேகம் பிடித்து இழுத்தது. நிஜமாகவே நீலம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை சுரண்டும்போது வெள்ளைக்குக் கீழே வெள்ளையாகவே வந்தால்? இவ்வளவு கச்சிதமாக ஒருத்தன் சொல்கிறான் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்கிறானோ? போன் பேசியதை அவன் சொல்லவில்லையே, அது ஏன்? யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதானா?

வெளியே வந்தபோது தாவீது மாடிப்படியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தான், இவருக்காகத்தான் நின்றான். "டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சேன்" என்றான், இவர் கேட்பதற்கு முன்பே. "வேலை தாரேன்னாரு. பாப்போம்னு சொன்னேன்."

"சாப்பிட்டுட்டுப் போலாம், வா" என்றார் ஆவுடையப்பன்.

"இல்ல அண்ணாச்சி, மத்தியானம் வேலைக்குப் போவணும்." மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். தொழிலாளர் அலுவலகத்து நோட்டீஸ். மனுதாரர் தி. தாவீதும் மற்றும் பத்துப் பேரும். எதிர்மனுதாரர் ஆவுடையப்பன். "ஒங்க வீட்டுக்கும் வந்திருக்கும். செவ்வாக்கெழம பத்தரைக்கு. கூலிய நிறுத்தினது எதுக்குன்னு கேப்பாங்க. டிரம்ம நான் எடுக்கலைன்னு நீங்க சொல்லிட்டாப் போதும்."

ஓஹோ, இதற்குத்தான் வந்தானா என்று அந்தப் பழைய குரல் உள்ளே எழுந்தது. கோர்ட்டு ஏட்டிலேயே ஏற்றிவிட்டான், திருட்டுப்போகவில்லை என்று. அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இதற்காக வந்திருந்தால்தான் என்ன, அது அவன் கூலி. செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கு மூன்று நாள் முந்தி. சுரண்டிப் பார்ப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னால் என்ன, வெள்ளிக்கிழமை நீலத்தைப் பார்த்துவிட்டுத் தைரியமாகச் சொல்லலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. வாய்தா. இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்தவர் அவர்.

"வாரேன்" என்றார்.

தாவீது அதை நம்பியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, கூரையில் விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்ப்பானே, அந்த மாதிரி பார்த்தான். "எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்றான்.

ஆவுடையப்பன் வழக்குக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, அதன் பின்பக்கத்தைத் தூணில் வைத்து எழுத ஆரம்பித்தார். நாலு டிரம் சரக்கும் கிட்டங்கிக் கூரையில் மூன்றாம் பூச்சாகப் போடப்பட்டது. அங்கே பேனா நின்றது. இதே வாக்கியத்தைத்தான் வைகாசியில் கூண்டில் நின்று தடங்கலில்லாமல் சொன்னார். அன்றைக்கு அதை நம்ப வேண்டியிருக்கவில்லை. பேனா மறுபடி நகர்ந்தது: தாவீது டிரம்மை எடுக்கவில்லை, நான் சொன்னது தப்பு, அவருக்கும் பத்துப் பேருக்கும் ஐந்து வாரக் கூலி நான் தர வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாவீது வாங்கி, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். ஒரு தடவை வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். கீழே தனுஷ்கோடியின் கார் இன்னும் கேட்டருகில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மேலே பார்த்தான். இந்தத் தாள் படியிறங்கி அந்தக் காருக்குப் போனால் என்ன ஆகும் என்று ஆவுடையப்பன் நினைத்தார், நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"தேதி போடலியே அண்ணாச்சி" என்று தாவீது தாளைத் திருப்பி நீட்டினான்.

இப்போது தாள் மறுபடியும் அவர் கையில் இருந்தது. கிழித்துப் போட்டாலும் கேட்பதற்கு அங்கே தாவீதைத் தவிர யாரும் இல்லை. தூணில் வைத்து, கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டுக் கொடுத்தார்.